மீன் மணக்காத குப்பி

"ஏழு... எட்டு... இன்னும் ரெண்டு இருக்கு, பொறு," என்று கண்ணாடிக் குடுவையிடம் சொல்லிக்கொண்டே எர்மீனியா அதைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார். பத்தாவது அலசல் முடிந்ததும் குடுவையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். அதன் வாயருகே மூக்கைக் கொண்டுபோய் முகர்ந்தார். ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் துணி விரித்த தட்டில் தலைகீழாக நிறுத்திவிட்டு அடுத்ததை எடுத்தார். அன்று காலை கழுவ வேண்டியவை முப்பத்தாறு. "மூணு தடவை போதாதா, தோனா எர்மீனியா?" என்று யாராவது மரியாதையாகக் கேட்டால், "உங்க வீட்டுத் தட்டுக்குப் போதும்," என்பார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

எர்மீனியாவுக்கு அறுபத்திரண்டு வயது. லிஸ்பனுக்கு எதிரே, தேஜு ஆற்றின் தென்கரையில், பைன் மரங்களுக்கு நடுவே நிற்கும் ஆய்வு நிலையத்தில் முப்பத்தைந்து வருஷமாக உதவியாளர். குட்டை உருவம், கனத்த கை, எதையும் முதலில் மூக்கால் விசாரிக்கும் பழக்கம். புதிதாக வந்த மருந்துப் புட்டி, உணவுக்கூடத்துச் சூப், அலுவலகத்துச் சுற்றறிக்கை எல்லாமே அந்த மூக்கிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் உள்ளே வர வேண்டும். அவருடைய அப்பா பர்ரெய்ரு என்ற ஊரில் காட் மீன் கருவாட்டுக் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே எர்மீனியா நல்ல கருவாட்டையும் ஈரம் கண்ட கருவாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துவிடுவார். "மத்தவங்களுக்குக் கடவுள் அழகைக் குடுத்தான். எனக்கு இதைக் குடுத்து, போய்ப் பொழைச்சுக்கோன்னுட்டான்," என்று மூக்கைத் தட்டிக் காட்டுவார். அந்த மூக்கைப் பற்றி அவருடைய கணவர் செவெரீனு சாகும்வரை குறை சொன்னதில்லை, ஒயின் குடித்துவிட்டு வீடு திரும்பிய நாட்கள் தவிர.

அங்கே நடக்கும் வேலை என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஆறு கடலில் சேரும் இடத்தில் இருக்கிற கறுப்புச் சேற்றுக்குள் காற்றே போகாது. ஆனாலும் அதற்குள் ஒரு பாக்டீரியா சௌக்கியமாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது. நாம் ஆக்சிஜனை இழுக்கிறோம். அதற்கு அந்தக் கொடுப்பினை இல்லாததால் நைட்ரேட் உப்பை வைத்துக் காரியத்தை முடித்துக்கொள்கிறது. அந்த வேலையைச் செய்யும் நொதியின் நடுவில் ஒரு குழி இருக்கிறது. எந்தச் சரக்கு அந்தக் குழிக்குப் பொருந்துகிறதோ அதைத்தான் நொதி தொடும். எர்மீனியாவிடம் கேட்டால் இதையே இன்னும் சுலபமாகச் சொல்வார்.

"மனுஷன் குடல்ல ஒரு பாக்டீரியா இருக்குல்ல, அது கிட்ட ஒரு நொதி. அது ஜூன் மாசத் திருவிழா மாதிரி. தெருவுல போறவனையெல்லாம் கூப்பிட்டு மத்தி மீன் சுட்டுக் குடுக்கும். நம்ம சேத்துக்காரன் அப்படி இல்ல. எங்க மாமியார் மாதிரி. ஒரே கடை, ஒரே ரொட்டி. வேற எதை வச்சாலும் தட்டைத் தள்ளி விட்டுடுவான்."

தட்டைத் தள்ளுகிறானா இல்லையா என்று பார்க்க ஒரு நீலச் சாயம் உண்டு. காற்றுப் படாமல் மூடிய குப்பிக்குள் சாயத்தையும் நொதியையும் விட்டு, சோதிக்க வேண்டிய சரக்கை ஊசியால் செலுத்துவார்கள். நொதி அதை ஏற்றுக்கொண்டால் நீலம் வெளுத்துத் தண்ணீர் போல ஆகிவிடும். ஏற்காவிட்டால் நீலம் அப்படியே நிற்கும். துளிக் காற்று உள்ளே போனாலும் வெளுத்துவிடும் என்பதால், எர்மீனியா ஊசியை எடுத்துவிட்டால் அந்த அறையில் பெரிய பெரிய டாக்டர்களும் கதவோரமாக நின்றுகொள்வார்கள்.

பழைய நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மட்டும் அவர் கை வேலையை விட்டுவிடும். அப்போது மொத்தமே ஐந்து பேர், ஒரே ஒரு கருவி. பேராசிரியர் அபீலியு நவம்பர் மாதத்தில் சுட்ட கஷ்கொட்டைகளைச் செய்தித்தாளில் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். ஐவரும் பாக்டீரியா வளர்க்கும் சூட்டுப் பெட்டியைச் சுற்றி நின்று கை காய்ச்சிக்கொண்டே தின்பார்கள். லிஸ்பனில் இருந்த பெரிய கருவியில் அளக்க வேண்டியிருந்தால், எர்மீனியா பாக்டீரியாக் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு படகில் அக்கரைக்குப் போவார். அந்தச் சேற்றுப் பாக்டீரியா அழுகிய முட்டை மாதிரி நாறும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் நாறும். படகு பாதி ஆறு தாண்டுவதற்குள் அவரைச் சுற்றி மூன்று பெஞ்சு காலியாகிவிடும். "ராணி மாதிரி காலை நீட்டிட்டுப் போவேன். இப்ப அந்தப் படகுல நிக்கக்கூட இடமில்ல," என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்பும் வரும், கண்ணும் கலங்கும். அந்த ஐவரில் ஒருவர் இறந்துவிட்டார், இன்னொருவர் பிரேசிலுக்குப் போனவர் திரும்பவில்லை.

அந்த நாட்களின் உச்சம் ஒரு அக்டோபர் மாதத்தில் வந்தது. கடல் மீன்களின் உடம்பில் ஒரு சரக்கு உண்டு. அதன் பெயரை ஒரு மூச்சில் சொல்ல முடியாது. ஆய்வகத்தில் சுருக்கமாக டிமாவோ என்பார்கள். செத்த மீனில் பாக்டீரியா அதைத் தின்னும்போதுதான் நாம் அறிந்த மீன் நாற்றம் கிளம்புகிறது. அந்த டிமாவோவைச் சும்மா ஒரு பேச்சுக்கு நம் சேற்றுக்காரனின் நொதிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நீலம் வெளுத்தது. டிமாவோவைக் கூட்டக் கூட்ட இன்னும் வெளுத்தது. நொதி இல்லாமல் வெளுக்கவில்லை. டிமாவோ இல்லாமலும் வெளுக்கவில்லை. ஒரே கடை ஒரே ரொட்டி என்று பேர் வாங்கியவனுக்கு இரண்டாவதாக ஒரு ருசி இருக்கிறது என்பது பெரிய செய்தி. அந்தக் குழியின் வடிவத்தைப் பற்றி அதுவரை எல்லாரும் நினைத்திருந்தது தப்பு என்று அபீலியு எழுதினார். எழுதுவதற்கு முன்பே, நீலம் வெளுத்த அன்று சாயங்காலமே, "அளந்தது முழுக்க எர்மீனியா. அவ பேரும் வரட்டும்," என்றார். உதவியாளரின் பெயரைக் கட்டுரையில் போடுவது அந்தக் காலத்தில் அங்கே வழக்கமில்லை. ஐந்து பெயர்களில் கடைசியாக அவர் பெயர் அச்சானது. இனிப்பு ஒயினை அளவுக் குவளைகளில் ஊற்றிக் குடித்தார்கள். செவெரீனு அந்த முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, சாப்பாட்டு மேஜைக்கு மேலே கோணலாக ஆணியடித்து மாட்டி, தபால்காரரை உள்ளே கூப்பிட்டுக் காட்டினார்.

இருபத்தேழு வருஷம் அது அங்கேயே தொங்கியது. போன மார்ச் மாதம் ஆய்வகத்துக்கு ஒரு மின்கடிதம் வந்தது.

அதைப் படித்தவர் டாக்டர் மாஃபால்தா. இப்போது ஆய்வகத்துக்குத் தலைவி. மாணவியாக வந்த புதிதில் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்டது எர்மீனியாவிடம்தான். அதனால் நாலு பேர் முன்னால் 'டாக்டர்', தனியாக இருக்கும்போது 'கண்ணு'. காப்பி வேளையில் மாஃபால்தா கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பின்லாந்துல வென்லான்னு ஒரு பொண்ணு. நம்ம நொதியை வச்சுத்தான் முனைவர் பட்டத்துக்கு வேலை பண்றா. பதினெட்டு மாசமா டிமாவோ குடுத்துப் பார்க்கிறாளாம். ஒரு தடவைகூட நீலம் வெளுக்கலையாம்."

எர்மீனியா காப்பியைக் கீழே வைத்தார். "என்ன கேக்கறா?"

"நாம என்ன சூட்சுமம் பண்ணோம்னு கேக்கறா. தன் கையிலதான் கோளாறுன்னு அவளே எழுதியிருக்கா, பாவம். அவங்க தலைவர் இதையே சொல்லிச் சொல்லி, வேற வேலை பார்த்துக்கோங்கற அளவுக்கு வந்துட்டாராம். உங்க பழைய நோட்டுல ஏதாவது இருக்கான்னு பாருங்களேன்."

"பார்க்கறேன்," என்றார் எர்மீனியா. ஆனால் நோட்டைப் புரட்ட வேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை.

அந்த அக்டோபரில் நடந்தது அவருக்கு அப்படியே ஞாபகம் இருந்தது. சோதனைக்கு மறுநாள் காலை, இரண்டு வரிசைக் குப்பிகளைக் கழுவ எடுத்தார். ஒரு வரிசையில் குடல் பாக்டீரியாவின் நொதி, இன்னொன்றில் சேற்றுக்காரனின் நொதி. இரண்டுக்கும் ஒரே டிமாவோ. இரண்டிலும் நீலம் வெளுத்திருந்தது. காரச் சோப்புத் தண்ணீரை ஊற்றினார். காரம் பட்டால் ஒளிந்திருக்கிற மீன் நாற்றமெல்லாம் வெளியே வந்துவிடும். முதல் வரிசையிலிருந்து அப்பாவின் கடையே எழுந்து வந்தது. இரண்டாவது வரிசையில் ஒன்றுமே இல்லை. வெறும் சோப்பு வாடை. டிமாவோவைத் தின்றிருந்தால் நாறியிருக்க வேண்டும். அப்படியென்றால் அந்த நொதி தின்றது வேறு எதையோ.

எதை என்றும் அவருக்கு அப்போதே உள்ளுக்குள் தட்டியது. குடுவையில் உலோகத் தூசு ஒட்டியிருந்தால் அளவு கெட்டுவிடும் என்று, இந்த மாதிரி ஆய்வகங்களில் எல்லாவற்றையும் நைட்ரிக் அமிலத்தில் கழுவுவார்கள். பிறகு காய்ச்சி வடித்த தண்ணீரில் அலசுவார்கள். அந்த வாரம் தண்ணீர் வடிக்கும் கருவி கெட்டுப்போயிருந்தது. டிமாவோ கரைத்து வைத்த குடுவையை எர்மீனியா இரண்டே தடவைதான் அலசியிருந்தார். நைட்ரிக் அமிலத்தின் மிச்சம் என்றால் அது நைட்ரேட்தான். நொதிக்கு உயிரான நைட்ரேட். சுத்தம் சோறு போடும் என்பார்களே, இங்கே நிஜமாகவே போட்டிருக்கிறது. கரைசலைக் கூட்டக் கூட்ட அந்தச் சோறும் கூடியது, நீலமும் வெளுத்தது.

ஆனால் அபீலியு அதற்கு முந்தின சாயங்காலம்தான் 'அவ பேரும் வரட்டும்' என்று சொல்லியிருந்தார். எர்மீனியா குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்தார். படித்தவர்களுக்குத் தெரியாததா என்று தனக்கே சொல்லிக்கொண்டார். அன்றிலிருந்து எதைக் கழுவினாலும் பத்து தடவை அலசினார். அது யாருக்கும் எந்தப் பரிகாரமும் ஆகாது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அலசினார். பயம், ஆசை, வெட்கம் மூன்றும் சேர்ந்த ஒன்று அத்தனை வருஷமாக நெஞ்சுக்குள் கிடந்தது. சட்டம் போட்ட பக்கத்தைத் தூசி தட்டும்போதெல்லாம் அது ஒரு தடவை புரண்டு படுக்கும். இப்போது முகம் தெரியாத ஒரு பெண் அங்கே தன் கையையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை மாஃபால்தாவைக் கதவைச் சாத்தச் சொன்னார். உறை பிரிக்காத புதுப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றில் டிமாவோ கரைத்தார். அமிலத்தில் கழுவி இரண்டு தடவை மட்டும் அலசிய கண்ணாடிக் குடுவை ஒன்றில் இன்னொரு கரைசல். இரண்டு குப்பிகளிலும் நீலம். அந்த நீலத்தை முப்பத்தைந்து வருஷமாகப் பார்த்தும் அவருக்கு அலுக்கவில்லை. அன்றும் அது அழகாகத்தான் இருந்தது. ஊசி இறங்கியது. கண்ணாடிக் குடுவையின் கரைசல் போன குப்பி மெல்ல மெல்ல வெளுத்தது. பிளாஸ்டிக் குழாயின் கரைசல் போன குப்பி நீலமாகவே நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், அரை மணி ஆகியும் நின்றது.

மாஃபால்தா இரண்டு குப்பிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு, "அன்னைக்கும் ரெண்டு தடவைதான் அலசினதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார்.

"அலசினவளுக்குத் தெரியாதா, கண்ணு."

"புரொஃபசருக்கு எண்பத்துநாலு வயசு. அவர் பேசற இடத்துலயெல்லாம் இதைத்தான் பேசறார். நான் பக்குவமா சொல்றேன். நீங்க வர வேண்டாம்."

"நான்தான் கழுவினேன். நான்தான் சொல்லணும்."

அபீலியு ஓய்வு பெற்றுப் பதினான்கு வருஷம் ஆகியும் வியாழக்கிழமை தவறாமல் வந்துவிடுவார். அன்றுதான் உணவுக்கூடத்தில் காட் மீனும் அவித்த உருளைக்கிழங்கும். மறுநாளே வியாழன். எர்மீனியா தன் தட்டை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் உட்கார்ந்தார். பின்லாந்துச் செய்தி அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"அவங்களுக்குச் சேறே தெரியாது, எர்மீனியா. ஐஸ்கட்டி மேல பாக்டீரியா வளர்த்தா அது எங்கேர்ந்து மூச்சு விடும்? சரியா வளர்க்கச் சொல்லி எழுதச் சொல்லு."

"வளர்ப்புல குத்தம் இல்ல, புரொஃபசர். என் கழுவல்லதான் குத்தம்."

அவர் முள்கரண்டி நின்றது. எர்மீனியா கெட்டுப்போன கருவியிலிருந்து ஆரம்பித்து நேற்றைய இரண்டு குப்பிகள்வரை சொல்லி முடித்தார். சொல்லும்போது தட்டைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நம்மாளு டிமாவோவைத் தொடவே இல்ல. குடுவையில ஒட்டியிருந்த நைட்ரேட்டைத்தான் சாப்பிட்டிருக்கான்."

"உனக்கு எப்ப தெரிஞ்சுது?"

"நேத்துன்னு சொல்லலாம்னு பார்த்தேன். அது பொய். அடுத்த நாள் காலையிலயே மூக்குக்குத் தெரிஞ்சுபோச்சு. குப்பி மீன் மணக்கல."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா கட்டுரையே வந்திருக்காது. என் பேரும் வந்திருக்காது."

பக்கத்து மேஜையில் யாரோ கால்பந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அபீலியு மீனில் முள் எடுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு முள்ளாக எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். எடுக்க முள் இல்லாத பிறகும் மீனைக் கிளறிக்கொண்டே இருந்தார். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்வது சுலபம். சறுக்கிய இடத்தில் இருபத்தேழு வருஷம் மாளிகை கட்டிக் குடியிருந்தவருக்கு அது ஆறுதல் ஆகாது.

"அந்த ரெண்டு வரிசையையும் நானும்தான் கையில எடுத்துப் பார்த்தேன்," என்றார் கடைசியில். "எனக்கும் மூக்கு இருந்துச்சு, எர்மீனியா. ஒரு தடவை மோந்து பார்த்திருக்கலாம். பார்க்கத் தோணல. நிஜமா இருக்கணும்னு அவ்வளவு ஆசை."

எர்மீனியா நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் இல்லை.

"அழாத புள்ள. மாஃபால்தாவை எழுதச் சொல்லு. நான் கண்ணை மூடறதுக்குள்ள அச்சுல வரட்டும். அந்தப் பொண்ணுக்கு இன்னைக்கே சொல்லிடுங்க, அவ கையில ஒரு கோளாறும் இல்லன்னு." பிறகு தட்டைத் தள்ளி வைத்தார். "உருளைக்கிழங்கு வேகவே இல்ல. இந்த நாப்பது வருஷத்துல ஒரு நாளாவது வேகவெச்சிருக்கானா?"

அடுத்த செவ்வாய்க்கிழமை மாஃபால்தா திருத்த அறிக்கையை அச்சிட்டு எடுத்துவந்து காட்டினார். ஒரே பக்கம். கழுவும் முறையில் இருந்த குறையால் கரைசலில் நைட்ரேட் கலந்துவிட்டது என்றும், இந்த நொதி டிமாவோவை ஏற்பதில்லை என்றும், அன்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறோம் என்றும் எழுதியிருந்தது. அடியில் உயிரோடிருக்கிறவர்களின் பெயர்கள். முதலில் அபீலியு, அடுத்து இரண்டு பேர். எர்மீனியா அதை இரண்டு தடவை படித்தார்.

"என் பேரு எங்க?"

"வேணும்னுதான் விட்டேன். எல்லாரும் படிப்பாங்க, தோனா எர்மீனியா. தப்பு யாரோடதுன்னு பேசுவாங்க. உங்களை எதுக்கு இதுல இழுக்கணும்?"

"அப்ப அதுல மட்டும் எதுக்கு இழுத்தீங்க?"

எர்மீனியா ஈரக் கையை முன்துணியில் இரண்டு பக்கமும் துடைத்தார். மாஃபால்தாவின் கோட்டுப் பையிலிருந்த பேனாவை உருவினார். பேராசிரியரின் பெயருக்கு மேலே ஒரு விரற்கடை இடம் வெறுமையாக இருந்தது. அந்த இடத்தில், பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில், அம்மா வழிப் பெயரையும் அப்பா வழிப் பெயரையும் விடாமல், தன் முழுப் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.